ஏழு மணிக்கு வந்த எண்

கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்சின் ஓரம் தேய்க்கும் மிஷினுக்கு முன்னால் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவர் அவர். கடையில் அவரைப் 'பாயிண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவர் எழுதிய சீட்டுக்கும் செய்து வந்த லென்சுக்கும் கால் பாயிண்ட் வித்தியாசம் இருந்தால் போதும், வாடிக்கையாளர் ஊருக்குக் கிளம்பிப் பெட்டியோடு வாசலில் நின்றாலும் சரி, லென்ஸ் திரும்பிப் போய்விடும். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். பாயிண்டு வாதாட மாட்டார். லென்சை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்ததைக் கையில் எடுத்துக்கொள்வார். அவர் போடுகிற சண்டையே அவ்வளவுதான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. திட்டுகிற மனிதரோடு எப்படியாவது குடும்பம் நடத்திவிடலாம். கத்தித் தீர்த்ததும் அவருக்கே பசி எடுக்கும், சோறு கேட்பார். பாயிண்டுக்குத் திட்டத் தெரியாது. மனசுக்குப் பிடிக்கவில்லை என்றால் வாயை மூடிக்கொள்வார். மறுபடி எப்போது திறக்கும் என்பது அவருக்கே தெரியாது. ஒரே மகள் அவரைக் கேட்காமல் ஒருவனைக் கட்டிக்கொண்டபோது 'போ' என்றும் சொல்லவில்லை, 'போகாதே' என்றும் சொல்லவில்லை. அவள் போன் செய்தால் மனைவியிடம் நீட்டிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விடுவார். இப்படியே ஐந்து வருஷம். மனைவி இறந்த அன்று மகள் ஏழு மாத வயிற்றோடு வந்தாள். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் முகத்தை நாலைந்து முறை நிமிர்ந்து பார்த்தாள். சாயங்காலம் போய்விட்டாள். அன்றைக்கும் அவர் பேசவில்லை. கல்நெஞ்சு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. பேச்சை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாத மனிதர், அவ்வளவுதான்.

மனைவி தையல்காரி. முன்னறை முழுக்க அவளுடையது: தையல் மிஷின், துணி அடுக்கும் அலமாரி, ஆணியில் தொங்கும் அளவு நாடா. கடைசி இரண்டு வருஷம் அவளுக்கு விரல்கள் நடுங்கின. கத்தரி பிடிக்க வந்தது, பேனா பிடிக்க வரவில்லை. அளவு எழுத முடியாமல் அவள் தவித்ததைப் பார்த்துவிட்டு அவளுடைய தம்பி ஒரு காரியம் செய்தான். கம்ப்யூட்டர்களோடு மல்லுக்கட்டுவதே அவனுக்குப் பிழைப்பு. அலுவலகத்தில் கழித்துப்போட்ட ஒரு பழைய பெட்டியைக் கொண்டுவந்து, அதில் லினக்ஸ் ஏற்றி, துணி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தான். போனில் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுப் பேசினால் குரல் அந்தப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தைத்த உடுப்புகளின் படங்களும் அதில்தான். அவள் அதற்கு 'என் கணக்கப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தாள்.

அவள் போன பிறகும் பெட்டி அலமாரியில் உறுமிக்கொண்டே இருந்தது. மொத்தம் இருபத்து மூன்று பதிவுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயிண்டு முதல் பதிவைத் திறந்தார். "தோள் பதினாலு, கை எட்டரை, கழுத்து கொஞ்சம் இறக்கமா வேணுமாம்…" அதற்கு மேல் தாங்கவில்லை. நிறுத்திவிட்டார். மற்றவையும் அளவுகள்தான் என்று முடிவுகட்டிக்கொண்டார். அதன் பிறகு ஒன்றையும் திறக்கவில்லை. ஆனால் பெட்டியை அணைக்கவும் கை வரவில்லை. அந்தச் சத்தம் இருக்கிறவரை வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது போல அவருக்குத் தோன்றியது.

இப்படி இருக்கையில்தான் அந்தப் பயம் வந்தது. கடைக்குச் சீட்டு அனுப்பும் கண் மருத்துவமனையில் ஒரு காலை கம்ப்யூட்டர்கள் எல்லாம் கல்லாகச் சமைந்து நின்றன. எங்கிருந்தோ ஒருவன் உள்ளே புகுந்து எல்லாப் பதிவுகளையும் பூட்டிவிட்டானாம். கடையில் கண் பரிசோதிக்கும் பெண்தான் சேதி சொன்னாள்.

"வீட்டுல இருக்கற கம்ப்யூட்டரையும் பூட்டுவாங்களாம்மா?" என்று பாயிண்டு கேட்டார். அவராக வாய் திறந்து கேட்டதே அவளுக்கு அதிசயம்.

"நெட்ல இருந்தா எதையும் விடமாட்டாங்கண்ணா."

அன்றைக்கு ஒரு லென்சை அவர் தப்பாகத் தேய்த்தார். வீட்டுக்கு வந்ததும் மச்சினனைப் போனில் பிடித்தார்.

"மாப்ள, அந்தப் பெட்டிக்கு ஒரு காவல் போடணும்."

"அதுல என்ன அத்தான் தங்கமா வெச்சிருக்கு? ஊர்க்காரங்க சட்டை அளவு."

இந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்தச் சத்தமின்மையை மச்சினனுக்கு நன்றாகத் தெரியும்.

"சரி சரி, கோவிச்சுக்காதீங்க. போட்டுடலாம். ஃபயர்வால்னு பேரு. வாசல்ல உக்காந்துகிட்டு யாரை விடணும், யாரை விடக்கூடாதுன்னு பாத்துக்கும். ஆனா அதுலயே நாலஞ்சு இருக்கு. எது வேணும்னு பாத்துத்தான் எடுக்கணும்."

அதைப் பார்க்க அவர் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் பத்து நிமிஷத்தில் முடித்திருப்பார்கள். பாயிண்டு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, நடுவில் கோடு போட்டு, ஒவ்வொன்றையும் எழுதினார். என்எஃப்டேபிள்ஸ் என்று ஒன்று: எல்லா விதியையும் நாமே எழுத வேண்டும், நினைத்ததை நினைத்தபடி செய்யலாம், ஆனால் ஒரு வரி பிசகினால் எல்லாமே பிசகும். ஃபயர்வால்டி என்று ஒன்று: வருகிறவர்களை வீடு, வேலை, பொது என்று தனித்தனி வட்டத்தில் உட்கார வைக்கும். யு.எஃப்.டபிள்யூ என்று மூன்றாவது: இதைத் திற, அதை மூடு என்று ஒரு வரி சொன்னால் புரிந்துகொள்ளும். அவருடைய சுபாவத்துக்கு முதலாவதில்தான் கண் போயிற்று.

"வேணாம் அத்தான்," என்றான் மச்சினன். "இப்பத்தான் சைக்கிள்ல குரங்குப் பெடல் போடறீங்க. லாரிச் சாவியை எதுக்குக் கேக்கறீங்க? யு.எஃப்.டபிள்யூ எடுங்க. சிக்கலில்லாததுன்னு பேர்லயே வெச்சிருக்கான். ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. நீங்க உள்ள போற எஸ்.எஸ்.எச் வழியை முதல்ல தொறந்துட்டு, அதுக்கப்பறம்தான் காவலை ஓடவிடணும். மாத்திச் செஞ்சா உங்களையே வெளிய தள்ளிக் கதவைச் சாத்திடும். நானே ரெண்டு தடவை அசடு வழிஞ்சிருக்கேன்."

"சரி."

"அப்பறம் எட்டாயிரத்து எண்பதாம் வாசலையும் தொறந்து வைங்க. அக்கா பேசின பதிவெல்லாம் இருக்கற பக்கம் அதுலதான் இருக்கு."

"அது வெளியாளுக்கு எதுக்கு?"

மச்சினன் ஒரு நொடி தயங்கினான். "இருக்கட்டும் அத்தான். அக்கா கேட்டுக்கிட்டது."

அவள் கேட்டுக்கொண்டது என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. திறந்து வைத்தார். எஸ்.எஸ்.எச் வழியை வீட்டுக்குள்ளிருந்து மட்டும் வரும்படி வைத்தார். மற்ற எல்லாவற்றையும் மூடினார். தன்னை வெளியே தள்ளிக்கொள்ளவில்லை. முதல் தடவையே இம்மி பிசகாமல் செய்துவிட்டார் என்று மச்சினன் அசந்து போனான்.

இத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கடைவிட்டு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு, யார் யார் வந்து போனார்கள் என்ற பதிவேட்டைப் படிப்பது அவருக்குத் தினப்படி வேலையாகிவிட்டது. வந்தவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். எங்கெங்கிருந்தோ வந்து, கதவின் கைப்பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போகிற கூட்டம். ஒருமுறை வந்த எண் மறுமுறை வருவது அபூர்வம்.

ஒரே ஒரு எண் மட்டும் அப்படி இல்லை. தினமும் மாலை ஏழு மணிக்கு வந்தது. கைப்பிடியை ஆட்டவில்லை. நேராக மனைவியின் பக்கத்துக்குப் போயிற்று, பத்தொன்பதாம் பதிவைத் திறந்தது, பதினோரு நிமிஷம் இருந்தது, போய்விட்டது. மறுநாளும் அதே ஏழு மணி, அதே பத்தொன்பது, அதே பதினோரு நிமிஷம். சனி, ஞாயிறு என்றுகூட லீவு இல்லை.

பாயிண்டு ஒன்பது நாள் குறித்தார். அளவுப் பட்டியலை எவன் தினமும் கேட்பான்? மற்றதெல்லாம் வழிப்போக்குத் திருடர்கள். இவன் வீட்டை நோட்டம் விடுகிறவன். எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று தெரிந்தவன். அவள் குரலை ஒருநாள் இவன்தான் பூட்டப்போகிறான். இப்படித்தான் அவர் புத்தி ஓடிற்று. மச்சினனைக் கேட்கலாமா என்று போனை எடுத்தார். எல்லாவற்றுக்கும் அவனையே தொந்தரவு செய்வானேன் என்று வைத்துவிட்டார். பத்தொன்பதாம் பதிவைத் திறந்து பார்க்கலாம் என்றும் தோன்றியது. விரல் பக்கத்தில் போயிற்று. 'தோள் பதினாலு' என்ற அந்தக் குரல் ஞாபகம் வந்தது. விரலை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அதை அமுக்கியிருந்தால் எழுதுவதற்கு இந்தக் கதையே இருந்திருக்காது.

அந்த எண்ணை மட்டும் தடுப்பது என்று தீர்மானித்தார். தடுப்பதில் இரண்டு விதம் உண்டு என்று படித்திருந்தார். ஒன்று, வருகிறவனுக்கு 'அனுமதி இல்லை' என்று பதில் சொல்லி அனுப்புவது. இன்னொன்று, பதிலே சொல்லாமல் விட்டுவிடுவது. வந்தவன் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல் திரும்பிப் போவான். பாயிண்டு இரண்டாவதை எடுத்தார். அதை அவர் யோசித்து எடுத்ததாகச் சொல்ல முடியாது.

ஆனால் மறுநாள் ஏழு மணிக்கு அந்த எண் வழக்கம்போல வந்தது, கேட்டது, போயிற்று. விதியைத் திரும்பப் படித்தார். எழுத்துப் பிசகு இல்லை. நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் விளங்கிற்று: விதிகளை மேலிருந்து கீழாகத்தான் அது பார்க்கும். 'எட்டாயிரத்து எண்பதுக்கு எல்லாரும் வரலாம்' என்பது மேலே இருந்தது. 'இவன் வரக்கூடாது' என்பது கீழே. மேலே உள்ளது பொருந்தியதும் கீழே இருப்பதைப் பார்க்காமலே உள்ளே விட்டுவிட்டது. ஆக, அந்தப் பெட்டி அவருக்கு நாலு நாள் அவகாசம் கொடுத்திருக்கிறது. அவர் அதைத் தன் பிழை என்று நினைத்தார். தடுக்கும் வரியை எடுத்து முதல் இடத்தில் போட்டார். தடுத்ததைக் குறித்து வைக்கவும் சொன்னார்.

இந்தத் தடவை சரியாக வேலை செய்தது.

முதல் நாள் ஏழு மணிக்கு அந்த எண் நாலு தடவை முயன்றது. மறுநாள் ஆறு தடவை. அதற்கடுத்த ஞாயிறு காலையில் வந்தது, மத்தியானம் வந்தது, ஏழு மணிக்கு மட்டும் பதினேழு தடவை. பாயிண்டு ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினார். எவ்வளவு பிடிவாதம் பார் என்று நினைத்துக்கொண்டார். மூன்றாம் வாரம் ஒரு நாளைக்கு ஒரு தடவையாகக் குறைந்தது. பிறகு ஒரு நாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நோட்டில் 'ஓய்ந்தது' என்று எழுதி அடியில் ஒரு கோடு போட்டார். அன்றைக்குத் திருப்தியாகச் சாப்பிட்டார்.

மாதம் ஒன்று கழித்து மச்சினன் வந்தான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அலமாரிப் பக்கம் போனவன், பெட்டியில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு நின்றான்.

"ஓடிட்டுத்தான் இருக்கா?"

"ஏன், ஓடாம?"

"நீங்க அணைச்சு வெச்சுட்டீங்கன்னு நெனச்சா."

"யாரு?"

மச்சினன் வாயைக் கொடுத்துவிட்டான். இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை. "குட்டிதான் அத்தான், உங்க பொண்ணு. அக்கா அவளுக்காக ஒண்ணு பேசி வெச்சிருக்கு. பத்தொம்பதாவது. குழந்தைக்குச் சோறு ஊட்டறப்ப, தெனமும் ஏழு மணிக்கு அதைப் போட்டுடுவா. கொஞ்ச நாளா வரமாட்டேங்குதுன்னு அழுதா. எனக்கு ஆபீஸ்ல மூச்சு விட நேரமில்ல, நேர்ல வர்றப்ப பாக்கறேன்னு சொல்லிட்டேன்."

பாயிண்டு நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"நான் அப்பவே சொன்னேன், எடுத்து உன் போன்லயே போட்டுத் தரேன்னு. வேணாம்னுட்டா. 'அங்க போய்க் கேட்டாதான் அம்மா வீட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கு'ன்னா. போன வாரம் பேசறப்ப வேற மாதிரி பேசறா. 'விட்டுடுங்க மாமா, அப்பா பதில் சொல்லிட்டாரு, எனக்குப் புரிஞ்சுபோச்சு'ங்கறா."

பாயிண்டு நோட்டை எடுத்து அவனிடம் நீட்டினார். ஒன்பது நாள் குறிப்பு, நாலு, ஆறு, பதினேழு, அடிக்கோடு போட்ட 'ஓய்ந்தது' எல்லாவற்றையும் மச்சினன் படித்தான். படித்து முடித்தும் நிமிரவில்லை.

பிறகு பத்தொன்பதாம் பதிவை அவனே திறந்தான்.

"குட்டி, இது அளவு இல்லடி, நீ பயந்துடாத," என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள் அவள். குழந்தை பிறந்தால் முதல் மூன்று மாதத்துக்கு எவ்வளவு துணி எடுக்க வேண்டும், கழுத்தை எப்படி வெட்ட வேண்டும் என்று சொன்னாள். "தையல் மடிப்பை வெளிப்பக்கம் வெச்சுத் தை. பாக்க அசிங்கமா இருக்கும், இருந்துட்டுப் போகட்டும். உள்ள வெச்சா பிஞ்சு உடம்பைக் குத்தும்." இடையிடையே மூச்சு வாங்கினாள். ஒன்பதாவது நிமிஷத்தில் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பாவைத் தப்பா நெனைக்காத. அவருக்குக் கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சு. எப்படிப் பேச ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல. நீ போன் பண்ணினா பக்கத்து ரூம் கதவுகிட்ட நின்னு ஒரு வார்த்தை விடாம கேக்கறாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. ஒரு நாள் பேசுவாரு. அதுவரைக்கும் வீட்டு ஞாபகம் வந்தா இங்க வந்து என்கிட்ட கேளு. இந்த வாசல் தொறந்தே இருக்கும், உன் மாமா கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன்."

அப்புறம் கதவு திறக்கிற சத்தம். செருப்பைக் கழற்றுகிற சத்தம். ஒரு ஆண் குரல், களைப்பாக, ஆனால் அவ்வளவு இதமாக: "யார்கிட்ட பேசிட்டிருக்க?"

"யார்கிட்டயும் இல்ல. அளவு சொல்லிட்டிருக்கேன்."

"சாப்டியா?"

பதிவு அங்கே முடிந்தது. அது தன் குரல்தான் என்று புரிய பாயிண்டுக்குச் சற்று நேரம் ஆயிற்று.

"இந்தக் கடைசிக்காகத்தான் அத்தான் அவ முழுசா கேப்பா," என்றான் மச்சினன். "குழந்தைகூட அந்த 'சாப்டியா' வந்தா வாயைத் தொறந்து காட்டுதாம்."

பாயிண்டு அழுதார். முப்பத்தொரு வருஷம் லென்சைப் பார்த்த கண், மனைவி போன அன்றும் கலங்காத கண், அன்றைக்கு நிற்கவே இல்லை. மச்சினன் தன் போனை எடுத்து, மகளின் எண்ணைப் போட்டு அவர் கையில் வைத்தான். "மாமா?" என்று கேட்டது அந்தப் பக்கம். அவர் வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை. மச்சினன் பொறுக்க முடியாமல் போனை வாங்கி, "அப்பாதான் குட்டி…" என்றான்.

"தெரியும் மாமா," என்றாள் அவள். "மூச்சுச் சத்தத்துலயே தெரிஞ்சுடுச்சு. குழந்தை அழறா, வெச்சுடறேன்."

அன்றைக்கே பாயிண்டு அவளைத் தடுத்த அந்த முதல் வரியை அழித்தார். மச்சினன் திரும்பிப் போகும் வழியில் அவளைப் பார்த்து, எல்லாம் தெரியாமல் நடந்தது, வாசல் திறந்திருக்கிறது என்று சொன்னான். சரி என்றாளாம். வேறொன்றும் சொல்லவில்லையாம்.

ஏழு மணிக்கு அந்த எண் வரவில்லை. அவள் வீடு மாறிவிட்டாள், எண்ணும் மாறியிருக்கும் என்றான் மச்சினன். கைப்பிடி ஆட்டுகிற கூட்டம்தான் வந்து போயிற்று.

ஒரு வாரம் கழித்து பாயிண்டு மனைவி செய்ததுபோலவே போனில் பொத்தானை அமுக்கிவிட்டுப் பேசினார். முதலில் வெறும் மூச்சுதான் பதிவாயிற்று. அழித்தார். எத்தனை தடவை அழித்தார் என்பதை மட்டும் நோட்டில் எழுதவில்லை. கடைசியில் நாற்பது நொடி தேறியது.

"குட்டி, அப்பா பேசறேன். அது நீன்னு தெரியாமதான் மூடினேன். தெரிஞ்சிருந்தா மூடியிருக்கமாட்டேன். இல்ல… அதுக்கு முன்னாடியும் மூடித்தான் வெச்சிருந்தேன். தப்பு எம்மேலதான். குழந்தையை ஒரு தடவை பாக்கணும் போல இருக்கு. வரச்சொல்லிக் கேக்கறேன்."

அதை இருபத்து நான்காம் பதிவாக வைத்தார். அளவு என்று நினைத்துவிடப் போகிறாளே என்று மேலே 'அப்பா' என்று பெயரும் போட்டார்.

பதினாறாம் நாள், ஏழு மணிக்கு, ஒரு புது எண் வந்தது. நேராக மனைவியின் பக்கத்துக்குப் போயிற்று. பாயிண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பத்தொன்பதாம் பதிவு. பதினோரு நிமிஷம். போய்விட்டது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். ஒரே பட்டியலில் ஐந்து வரி கீழே 'அப்பா' இருக்கிறது. கண்ணில் படாமல் இருக்க வழியே இல்லை. அதைத் திறக்கவில்லை.

இப்போது இரண்டு மாதம் ஆகிறது. கடையில் கால் பாயிண்ட் பிசகினால் லென்ஸ் இன்னமும் திரும்பித்தான் போகிறது. ஆனால் ஏழு மணிக்குள் வீடு வந்து சேர்ந்துவிடுகிறார். மச்சினன் ஒருமுறை தயங்கித் தயங்கி, "நான் வேணா அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டா?" என்று கேட்டான். "வேணாம் மாப்ள," என்றார். "அஞ்சு வருஷம் நான் எடுத்துக்கிட்டேன்ல."

எண் வந்ததும் நாற்காலியை அலமாரிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார். பத்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பதினோராவது நிமிஷத்தில், அவர் பார்த்திராத ஒரு வீட்டில், அவர் பார்த்திராத ஒரு குழந்தை வாயைத் திறந்து காட்டும். பாயிண்டுக்கு அந்த நேரம் துல்லியமாகத் தெரியும். "சாப்டியா?" என்று அவரும் கேட்பார். பெட்டி உறுமிக்கொண்டிருக்கும்.